பதினொன்னுக்கு நின்னுருமுங்க

வாங்க, வாங்க. நாய் ஒன்னும் பண்ணாதுங்க, கத்தறதோட சரி. வெயில்ல நிக்காதீங்க, இப்பிடித் தண்ணித் தொட்டி ஓரமா வந்து உக்காருங்க. நீங்க அந்தச் சோலார் பெட்டியப் பாக்க வந்தவருதானுங்களே? கையில அட்டையும் பேனாவும் பாத்தப்பவே நெனச்சேன். ஒவ்வொரு தோட்டமாப் போயி, இந்தத் திட்டம் எப்பிடி இருக்குதுன்னு கேட்டு எழுதறீங்களாமா. எழுதிக்குங்க. நான் சொல்றத ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க.

அதுக்கு முன்னால அந்தச் சத்தத்தக் கேளுங்க. மோட்டார் ஓடுதுங்களா? தண்ணி விழுவுதுங்களா? நல்லாக் கேட்டுக்குங்க. பதினொன்னுக்கு நின்னுரும். நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம், கண்ணால பாத்துட்டே போங்க. இப்ப மணி என்னங்க? பத்தே காலா? சரி, நேரமிருக்குது.

எம்பேரு வெள்ளியங்கிரி. இந்த நாலு ஏக்கரா எனக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளு மொளச்சு வெறுங்காடாக் கெடக்குது பாருங்க, அது எந்தம்பி சென்னியப்பனோட நாலு ஏக்கரா. ரெண்டுக்கும் நடுவுல இந்த ஒரே கெணறு, ஒரே மோட்டார். எங்கய்யன் சாகறதுக்கு முன்னால முறை பிரிச்சு உட்டுட்டுப் போனாருங்க. திங்க, புதன், வெள்ளி மூத்தவனுக்கு. செவ்வா, வியாழன், சனி எளையவனுக்கு. ஞாயித்துக்கெழம யாரும் மோட்டாரப் போடக்கூடாது, கெணறு ஊறோணும். முறை முடிஞ்சவன் பொழுது சாயறப்ப வேலியோரம் வந்து மோட்டார் ரூம் சாவிய அடுத்தவன் கையில குடுக்கோணும். முப்பத்திரெண்டு வருசமுங்க. ஒரு நா முறை தவறுனதில்ல. சண்ட போட்டுட்டுப் பேசாம இருந்த நாள்லயும் சாவி மட்டும் கை மாறும். அவன் மகளுக்குக் காது குத்தறன்னைக்கு, அது ஒரு சனிக்கெழம, மடைய மாத்தி உட்டுட்டுத்தான் மண்டபத்துக்கே போனான். அவ்வளவு சுத்தம். அவ்வளவு சுத்தமா இருந்தவன்தானுங்க இப்பிடிப் பண்ணிப்போட்டான்.

என்ன பண்ணுனானா? அதுக்குத்தான வாறேன்.

மயிலு! ஆளு வந்திருக்காங்க, மோர் கொண்டா.

எம்பட ஊட்டுக்காரிங்க. கொண்டாந்து வெப்பா, ஆனாப் பேச மாட்டா. உங்ககிட்டப் பேசுவா. எங்கிட்டத்தான் பேச மாட்டா. ஆடி மாசத்துல இருந்து இப்பிடி. இப்ப மாசி ஆயிப்போச்சு. சோறு போடுவா, சுடுதண்ணி வெப்பா, வாயத் தொறக்க மாட்டா. அத உடுங்க.

போன வருசம் தை மாசம் அதிகாரிங்க வந்தாங்க. நீங்க அப்ப வரலீங்க. கண்ணாடி போட்ட ஒருத்தரும், ஒரு பொம்பளப் புள்ளையும். பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. விசயம் என்னன்னா, நம்ம கரண்ட் லைன்ல புதுசா நாலு மில்லு வந்துட்டுது. உச்சி நேரத்துல எல்லாரும் ஒன்னா இழுத்தா ட்ரான்ஸ்பார்மர் தாங்கறதில்ல. நம்ம தோட்டத்துல சோலார் தகடு இருக்குதல்லங்க, அதுல வர்ற கரண்ட, பதினொன்னுல இருந்து மூணு வரைக்கும் மோட்டாருக்கு உடாம லைனுக்கு உட்டா, அந்த நேரத்துக்கு லைன் தப்பிச்சுக்குமாமா. நூறு தோட்டம் இப்பிடிச் சேந்தா, பெரிய ட்ரான்ஸ்பார்மரே புதுசாப் போட வேண்டியதில்லையாமா. கட்டாயமில்ல. பத்தரை மணிக்கு உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரும். "இன்னைக்கு எனக்குத் தண்ணி வேணும், கரண்ட் தர முடியாது"ன்னா ரெண்டாம் நம்பரத் தட்டி அனுப்பிச்சுருங்க. பதினொன்னு வரைக்கும் பதில் வரலீன்னா, சரின்னு சொன்னதா எடுத்துக்குவோம்னாரு.

நாந்தாங்க அப்ப எந்திரிச்சுச் சொன்னேன். "அதுவும் சரிதானுங்களே. பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு வாயத் தொறக்காம நின்னா, புடிச்சிருக்குதுன்னுதான நாம வெத்தலபாக்கு மாத்திக்கறோம்"னேன். கூட்டமே சிரிச்சுது. அந்தக் கண்ணாடிக்காரரு கூடச் சிரிச்சாரு. சென்னியப்பன் பக்கத்துல உக்காந்து எந் தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சான். நான் ஒரு சபையில பேசுனா அப்பிடித்தானுங்க, விசயத்தக் கப்புனு புடிச்சுக்குவேன்.

எங்க முறையவும் அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. திங்க, புதன், வெள்ளிக்கு எந் நம்பரு. செவ்வா, வியாழன், சனிக்கு அவன் நம்பரு. "யாரு முறையோ அவங்களுக்குத்தான் மெசேஜ் வரும், ஒருத்தரு தண்ணியில இன்னொருத்தரு தலையிட முடியாதுங்க ஐயா"ன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. எனக்கு நெம்ப சந்தோசமுங்க. எங்கய்யன் பண்ணி வெச்ச முறைய கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மாதிரி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கையெழுத்துப் போட்டோம். அண்ணந்தம்பியாச் சேந்து நாங்க பண்ணுன கடைசிக் காரியம் அதானுங்க.

அப்ப எனக்கு வாழை. நேந்திரன், ஆயிரத்தி இருநூறு கன்னு. பங்குனியில தார் தள்ளற நேரம். அந்த நேரத்துல தண்ணி கொறஞ்சா அவ்வளவுதான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இந்தச் சோலார்ல காலைல தண்ணி இழையாத்தான் வரும். வெயில் ஏற ஏறத்தான் வேகம். உச்சியிலதான் வாய்க்கால் நெறையும். சரியா அந்த உச்சியிலதானுங்க நின்னுச்சு. ஒரு புதங்கெழம. பதினொரு மணி. கெணத்துல தண்ணி இருக்குது, மேல வெயில் இருக்குது, மோட்டார் மட்டும் செத்துக் கெடக்குது. மூணு மணிக்குத் தானா எந்திரிச்சுது.

மறுநா வியாழன், அவன் நாளு. பொழுது சாயற வரைக்கும் ஓடுது. வெள்ளிக்கெழம எந் நாளு, பதினொன்னுக்கு நின்னுருச்சு. சனிக்கெழம ஓடுது. திங்கக்கெழம நிக்குது. நீங்களே சொல்லுங்க, நீங்க படிச்சவரு. தகட்டுக்குக் கெழம தெரியுங்களா? இது மூத்தவன் முறை, இது எளையவன் முறைன்னு மோட்டாருக்குத் தெரியுங்களா? மனுசன் எவனோ உள்ள கைய வெக்காம இப்பிடி நடக்குங்களா?

அதுங்களா? ஒன்னுமில்ல, எம்போனு. அது கெடக்குது உடுங்க. தெனம் இந்நேரத்துக்கு ஒரு தடவ கத்தும். நான் எடுக்கறதில்ல. கூப்புட்டாப் பேசுவேன், மெசேஜ்னு வந்தாத் தொடக்கூட மாட்டேன். எம் மச்சான், மயிலோட அண்ணன், அவிநாசியில இருக்கறாரு. பேங்க்ல இருந்துன்னு ஒரு மெசேஜ் வந்துதாமா, அமுக்குனாராமா, மகன் கண்ணாலத்துக்கு வெச்சிருந்தது மொத்தமும் போயிருச்சு. நல்லாப் படிச்ச மனுசன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன். ரெண்டு வருசம் ஆச்சுங்க, ஒரு மெசேஜ் தொறந்ததில்ல. இந்த ஊருல போன்ல ஏமாறாதவன் நான் ஒருத்தன்தான், யாரை வேணாக் கேட்டுப் பாருங்க.

இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. தெரியுது. நான் முடிச்சுக்கறேன், அப்பறம் சொல்லுங்க.

வேலியோரம் நின்னு கேட்டேன். "ஏன்டா, உன்ற நாள்ல மட்டும் எப்பிடிடா ஓடுது?" அவன் நிதானமாச் சொல்றான்: "நான் தெனம் ரெண்டு போட்டு அனுப்பிச்சுர்றனுங்ணா. நீங்களும் போட்டுருங்ணா. போனக் குடுங்க, எப்பிடின்னு காட்டறேன்." பாத்தீங்களா? எம்போனு அவனுக்கு எதுக்குங்க? நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆபீசுக்காரனுக்கு எப்பிடியும் கரண்ட் வேணும். இவன் தெனமும் முடியாது முடியாதுன்னா, அந்தப் பாரம் எங்க போயி விழுவும்? எந் தலையிலதான். தம்பி செய்யற வேலையா இது? அண்ணன் மேல தள்ளி உட்டுட்டுத் தான் தப்பிச்சுக்கறது?

அதையேதான் சொன்னேன். அவனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "அப்பிடி இல்லீங்ணா"ன்னான்.

அடுத்தநா அவன் சம்சாரம் பூவாத்தா வந்துது. ஒரு அட்டையில ரெண்டுன்னு பெருசா எழுதிக் கொண்டாந்துது. "மாமா, பத்தரைக்குக் கத்துனவொடனே இந்த மாதிரி இருக்கற பொத்தான அமுக்கிருங்க, அவ்வளவுதான். நான் வேணா வந்து அமுக்கிக் குடுத்துட்டுப் போறேன்"னுது. நல்ல புள்ளதான், அதுமேல எனக்கு வருத்தமில்ல. ஆனா யாரு அனுப்புனா வந்துது? அதையும் நான் ரோசிக்கோணுமல்லங்க. "போம்மா, உம் புருசன் வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்"னு அனுப்பிச்சுட்டேன். அந்த அட்டைய மோட்டார் ரூம் கதவுல சொருவிட்டுப் போயிட்டுது. அந்தா இருக்குது பாருங்க. மழையில மை ஊறிப்போச்சு. எடுத்துப்போட என்னமோ மனசு வரல.

அதுக்கப்பறம் நடந்தது இன்னும் அநியாயம். ஒரு செவ்வாக்கெழம உச்சியில வாழைக்குள்ள போறேன், காலெல்லாம் ஈரம். தண்ணி ஓடுதுங்க. அவன் முறைத்தண்ணி. அவன் வெங்காயத்துக்குப் பாயறத நிறுத்திப்போட்டு, மடையத் திருப்பி எம்பட வாழைக்கு உட்டிருக்கறான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க. முப்பத்திரெண்டு வருசமா முறையில்லாத தண்ணி ஒரு சொட்டு எங்காட்டுக்குள்ள வந்ததில்ல. நாளைக்கு ஊருக்குள்ள, வெள்ளியங்கிரி தம்பி தண்ணியத் திருடிப் பாச்சுனான்னு சொல்ல மாட்டாங்களா? அதுக்குத்தான பண்ணுனான்? மம்முட்டிய எடுத்துட்டுப் போயி மடைய அடச்சேன். மயிலு ஓடியாந்து மம்முட்டியப் புடிச்சுக்கிட்டா. "வாழை சாவுதுங்க. தண்ணிக்கு என்னங்க அவங்க தண்ணி, நம்ம தண்ணி? கும்புட்டுக் கேக்கறேன், உட்டுருங்க"ன்னு அழுவறா. கைய உதறி உட்டுட்டு அடச்சேன். நாலு கூடை மண்ணு போட்டு மிதிச்சு அடச்சேன். அவன் அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசலீங்க. குத்தம் இல்லாதவனா இருந்தாப் பேசிருப்பானல்ல?

சித்திரைக் கடைசியில தாரெல்லாம் பிஞ்சுலயே சுருங்கி, மரம் ஒவ்வொன்னா மடிஞ்சு உழுந்துது. நடுவுல மடிஞ்சு, தலை மண்ணுல படற மாதிரி உழுவுமுங்க. நான் அழுதனுங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம். நீங்க உக்காந்திருக்கறீங்க பாருங்க, இந்த எடத்துல உக்காந்து அழுதேன். எம் பொண்ணு ஈரோட்டுல இருந்து போன் பண்ணி, "ஏப்பா மூச்சு வாங்குது?"ன்னு கேக்குது. ஒன்னுமில்ல சாமி, வேலையா இருக்கறேன்னேன்.

வைகாசியில மாரியம்மன் நோம்பி. எங்க பங்காளிக எல்லாரும் ஒரே அடுப்புல பொங்கல் வெப்போம். அவன் அரிசி கொண்டாந்தான். நான் எல்லாரு முன்னாடியும் சொன்னேன்: "அவன் அரிசி அந்தப் பானையில உழுந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. இருந்தான், செத்துட்டான்." அடுப்பு பக்கத்துல பூவாத்தா நின்னுட்டு இருந்துது. அவன் அரிசிய மடியில கட்டிக்கிட்டு, "சரிங்ணா"ன்னான். அவ்வளவுதான். சரிங்ணா. நான் அவன அடிக்கப் போயிருந்தாக்கூட அப்பிடித்தான் சொல்லியிருப்பான்.

ஆடியில கெணத்துப் பங்க எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டான். நான் கேக்கலீங்க. அவனாப் பத்திர ஆபீசுக்குக் கூப்புட்டான், எழுதிக் குடுத்தான், ஒத்தக் காசு வாங்கல. "ஒரு கெணத்துக்கு ரெண்டு பேரு வேண்டாங்ணா. நீங்களே நல்லாப் பாச்சிக்குங்க"ன்னான். அன்னைக்குப் பொழுது சாயறப்ப வந்து சாவிய எங்கையில குடுக்கல. ஊட்டு வாசல் ஆணியில மாட்டிட்டுப் போயிட்டான். மாடு கன்ன வித்துப்போட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மில்லுக்குப் போயிட்டான். அந்தப் புது மில்லு நாலுல ரெண்டாவது மில்லுக் கேட்டுல வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு, போற வர்ற வண்டிக்கு நம்பர் எழுதிட்டு இருக்கறானாமா. வயசு அம்பத்தி நாலு. நெனச்சுப் பாருங்க, எந் தகட்டுக் கரண்ட் அந்த லைன்லதான போவுது? எங் கரண்ட்லதான் அவன் தலைக்கு மேல பேன் ஓடுது. அதுக்காகவே பண்ணுனானோ என்னமோ.

அன்னைக்கு ராத்திரி மயிலு ஒன்னே ஒன்னு கேட்டா. "இப்ப உங்க மனசு நெறஞ்சுதுங்களா?"ன்னா. அதோட சரி.

சரி, போறான், ஆறு நாளும் நம்ம முறைதான்னு நெனச்சேன். நானே கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அவன் நம்பர அடிச்சுட்டு, ஆறு நாளும் எந் நம்பரப் போடுங்கன்னு எழுதிக் குடுத்து, கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். மழைக்காலத்துல ஒன்னும் தெரியல. தையில சோளம் போட்டேன். அந்தா, நுனி சுருண்டு நிக்குது பாருங்க. தை கடைசியில இருந்து மறுபடியும் ஆரம்பிச்சுட்டுது. முன்ன மாதிரி மூணு நாளு இல்லீங்க. ஆறு நாளும்! இன்னைக்குச் செவ்வா. அவன் இருந்தப்ப செவ்வாக்கெழம ஒரு நாளாவது நின்னுருக்குமா? அவன் போயும் அவன் வேலை போவல. ஆபீசுல யாரையோ புடிச்சு வெச்சிருக்கறான். இத எழுதுனீங்களா? எழுதுங்க.

இந்தச் சோளமும் போச்சுன்னா அடுத்துப் போட எனக்குத் தெம்பு இல்லீங்க. முள்ளு மொளைக்கட்டும்னு உட்டுருவேன், அந்தப் பக்கம் கெடக்கற மாதிரியே. எனக்கு அறுவது ஆச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பொழுது சாயற நேரம்தானுங்க தாங்க முடியறதில்ல. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து "அண்ணா, சாவி"ன்னு ஒரு கொரல் வரும். இப்ப சாவி எந்நேரமும் எம் மடியிலயே கெடக்குது. வாங்கறதுக்கும் ஆளில்ல, குடுக்கறதுக்கும் ஆளில்ல. நேத்துக்கூட அந்நேரத்துக்கு எந்திரிச்சு வேலியோரம் போயி நின்னுட்டு வந்தேன். கால் தானாப் போவுதுங்க.

சரி, இப்பச் சொல்லுங்க. என்னமோ சொல்ல வந்தீங்களே.

என்ன? போனா? ஏனுங்க, அத எதுக்கு எடுக்கறீங்க?

பதில் போடலீன்னா... அட, அது எனக்குத் தெரியாதுங்களா? அந்தக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னதே நாந்தானுங்களே. பொண்ணு வாயத் தொறக்காம நின்னா...

ம்.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

அந்த மோர் சொம்ப இப்பிடி எடுங்க.

இல்லீங்க. அப்பிடி இருக்காது. அப்பிடின்னா அவன் அன்னைக்கு மடையத் திருப்பி உட்டது... நான் நாலு கூடை மண்ணு... நோம்பியில எல்லாரு முன்னாடியும் நான் சொன்னது... இல்லீங்க. உங்களுக்கு வெவரம் பத்தல. நீங்க புதுசு. நீங்க எந்த வழியா வந்தீங்க? மில்லு வழியா வந்தீங்களா? கேட்டுல காக்கிச் சட்ட போட்டு ஒரு ஆளு, கொஞ்சம் கூனுன மாதிரி, உங்ககிட்டப் பேசுனானுங்களா? அவந்தான சொல்லி அனுப்புனான்? அதான பாத்தேன். எங்கண்ணங்கிட்ட இப்பிடிச் சொல்லுங்கன்னு சொல்லியிருப்பான். நல்லா இருக்கறானா? எளச்சுட்டானா? ஒன்னும் சொல்ல வேண்டாம். எனக்கு எதுக்கு.

மணி என்ன? ரெண்டு நிமிசம் இருக்குதா? வேண்டாங்க. அமுக்காதீங்க. கும்புட்டுக் கேக்கறேன், அந்தப் போனக் கீழ வெச்சுருங்க. நீங்க ரெண்டு போட்டு, மணி பதினொன்னு ஆயி, மோட்டார் நிக்காம ஓடுச்சுன்னு வெச்சுக்குங்க. அப்பறம் நான் என்ன பண்றது? அதச் சொல்லுங்க. அந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டு நான் எப்பிடி இங்க உக்காந்திருப்பேன்? மயிலு மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்? அது நிக்கட்டுங்க. தெனமும் நின்னுட்டே போவட்டும்.

கவுத்து வெச்சுட்டீங்களா? ஆங்.

மயிலு, நீ ஏன் அங்க கதவோரம் நிக்கற? உள்ள போ.

கேளுங்க. சத்தம் கொறையுது பாருங்க. அந்தா. அந்தா நின்னுருச்சு. பாத்தீங்களா? நான் சொன்னேனல்ல?

பேனாவ எடுங்க, எழுதிக்குங்க. செவ்வாக்கெழம, மணி பதினொன்னு. சென்னியப்பன் நிறுத்திப்போட்டான்னு எழுதிக்குங்க.